ஞானத்தகப்பனின் பெருவிரல்

எனக்குக் கார் திருத்தத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்துநான்கு வயது ஆகவேண்டியிருந்தது. அதற்குள் ஒரு கைக்குழந்தையும் ஒரு குருவானவரும் பாதிக்கப்பட்டுவிட்டார்கள்.

யூரோ வந்து இரண்டு வருடம். ஜெர்மனியின் கொலோன் நகரில், என் தங்கை மேரிக்கு ஏழு வருடம் காத்திருந்து பிறந்த மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் கொடுக்க ரயிலில் வரும் தமிழ்ச் சுவாமியை நிலையத்தில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருவதும் என் பொறுப்பு. ஜெர்மன்காரர் கோயிலை எங்களுக்கு ஒரு மணித்தியாலம்தான் தந்திருந்தார்கள்.

என் பழைய கார் அந்தக் கிழமை லேசாக இருமியது. கராஜில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் வீட்டு வாசலில் வைத்து நானே ஸ்பார்க் பிளக் மாற்றினேன். நான்கு வயர்களையும் ஒரேயடியாகக் கழற்றினேன். (ஒவ்வொன்றாகக் கழற்றுவது அறிவுள்ளவர்களின் வழக்கம்.) பிறகு, எந்த வயர் எந்தப் பிளக்குக்கு எட்டியதோ அதில் குத்தினேன். கார் ஸ்டார்ட் ஆனது, ஆனால் நனைந்த நாய் போல உதறியது.

"புதுப் பிளக் பழக நாள் எடுக்கும்" என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் பிள்ளைகளுடன் ட்ராமில் போவதாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சுவாமி ஏறி, மூன்றாவது சிக்னலில் கார் ஒருமுறை வெடித்துவிட்டு நின்றது. பின்னால் ஹோர்ன்கள். சுவாமி அமைதியாக இறங்கிப் பொனட்டைத் திறந்தார்.

"தம்பி, கடைசியா இதுக்க கை வச்சது ஆர்?"

"நான்தான், சுவாமி."

"ஓம், விளங்குது." வெள்ளை அங்கியின் கைகளை மடித்துவிட்டார். "மன்னாரில எங்கட மிஷன் வானுக்கும் நான்தான் மெக்கானிக். ரெண்டு வயர் இடம் மாறிக் கிடக்குது. பிடியுங்கோ."

ஐந்து நிமிடம். கார் பூனை போல மெல்ல உறுமியது. எங்கள் நான்கு கைகளும் கரி.

கோயில் வாசலில் சுவாமி இறங்கிக் கை கழுவ ஓடினார். நான் பார்க்கிங் தேடி, வியர்த்து, நேரே பீடத்துக்கு ஓடினேன். சடங்கு தொடங்கிவிட்டது. சுவாமி குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தார். பெற்றோர் வரைந்தார்கள். அடுத்தது நான்.

பெருவிரலை எடுத்தபோதுதான் பார்த்தேன். பால்போன்ற நெற்றியில் தடித்த, கன்னங்கறுப்பான ஒரு சிலுவை. மேரி என்னைப் பார்த்த பார்வையில் ஏழு வருடக் காத்திருப்பும் இருந்தது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

சுவாமி மைக்கை இழுத்தார். "அது என்ர கையில இருந்த கரி. வழியில கார் கொஞ்சம் கரைச்சல் குடுத்தது. பிள்ளையின்ர அம்மா கோவிக்காதேங்கோ."

சனம் சிரித்தது. மேரியும் சிரித்தாள். ஞானஸ்நானத் தண்ணீருக்குக் கூட அந்தக் கரி முழுதாகப் போகவில்லை. எல்லாப் படத்திலும் இருக்கிறது.

அந்தப் பழியை அவர் ஏன் ஏற்றார் என்று நான் கேட்கவில்லை. பல வருடம் கழித்து மேரியிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணா" என்றாள். "சுவாமியின்ர விரல் மெல்லிசு. அது உங்கட மொத்தப் பெருவிரல். அவர் அப்பிடிச் சொன்னபடியால்தான் நான் அண்டைக்கு உங்களோட சண்டை பிடிக்கேல்ல."

போன வருடம் என் ஞானமகளுக்குப் பதினெட்டு வயது. கேக் ஊட்டப் போனேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, சபையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, முதல்ல கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். இரண்டு பக்கமும்.