ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வீசிய குறுக்குக் காற்று

குருஷேவாட்ஸ்,
நவம்பர் 17, திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி மிலுதின் அவர்களுக்கு,

வுகாஷின் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்காலும், சம்பந்தியம்மாளின் ரத்த அழுத்தமும், இந்த ஆண்டு இறக்கிய பிளம் பிராந்தியும் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். அதாவது, மற்ற எல்லோரும். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக எங்கள் தொலைபேசியில் தாங்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் வருகிறது. யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்லிச் சம்பந்திகளுக்குள் மனக்கசப்பை உண்டாக்க நான் விரும்பவில்லை. தங்கள் மகன் நெபோய்ஷாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈராண்டாக இந்த வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள். என் மனைவி தெசாங்கா வாசலில் நின்று கூப்பிட்டால் முன்பெல்லாம் ரயில் நிலையத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். இப்போது உதடு மட்டும் அசைகிறது. என் மகள் ஸ்னெஷானாவும் அப்படியே. செய்தி வாசிக்கும் பெண்கூட ரகசியம் சொல்வது போலத்தான் வாசிக்கிறாள், அவளுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்போ தெரியவில்லை. என்னிடம் காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் முகத்துக்கு நேரே வந்து கத்துகிறார்கள். இதிலிருந்தே தெரியவில்லையா, குரல் இருக்கிறது, வேண்டுமென்றுதான் அடக்குகிறார்கள் என்று? இன்னொன்று சொல்கிறேன், தங்களோடு இருக்கட்டும். இலையுதிர் காலத்தில் புட்டிகளைக் கழுவும்போது தெசாங்கா பாடுவாள். கல்யாணமான நாளிலிருந்து பாடியவள், போன வருஷம் பாடவில்லை. இந்த வருஷமும் பாடவில்லை. அவள் தங்கையைப் பற்றி நான் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். நானாகப் போய்க் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் மாதம், குடைமிளகாய் சுட்டு விழுது அரைத்து முடித்த கையோடு, நெபோய்ஷா நிலவறையைக் காலி செய்ய ஆரம்பித்தான். எண்பது புட்டியும், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயும் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டன. "என்னடா இது?" என்றேன். என் முகத்தருகே வந்து, "மாமா, கீழ உங்களுக்குன்னு ஒரு ஹோம் தியேட்டர் கட்டுறேன். ஜம்முனு உக்காந்து பாருங்க" என்று கத்தினான். நான் கேட்டேனா? மூன்று மாடி வீட்டை இந்தக் கையால் செங்கல் செங்கலாகக் கட்டியவன் நான். தரைத்தளத்தில் நாங்கள், நடுவில் அவர்கள், மேல்மாடிக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி. அப்படியிருக்க எனக்கு எதற்கு நிலவறை? சுவர் முழுக்கக் கருப்பு வண்ணம். ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அதன்மேல் பட்டை பட்டையாக ஏதோ பஞ்சு அட்டை. "இது எதுக்கு?" என்றால், "உள்ள எவ்வளவு சத்தம் போட்டாலும் வெளிய கேக்காது மாமா" என்கிறான், அதையும் சிரித்துக்கொண்டே. சம்பந்தி, தாங்கள் ராணுவத்தில் இருந்தவர். இப்படிப்பட்ட அறை எதற்கு என்று தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் என் சாய்வு நாற்காலி கீழே போயிற்று. நாற்காலி போனால் அடுத்து கட்டில் போகும், பிறகு நான், பிறகு என் அறைக்கு வாடகைக்கு ஆள்.

டிவி வாங்கக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நானும் முன்னேற்பாடாகத்தான் போனேன். தெசாங்கா புதுப்பெண்ணாக வந்தபோது பின்னிய சரிகை விரிப்பையும் அதன்மேல் நிற்கும் கண்ணாடி மீனையும் பையில் எடுத்துக்கொண்டேன். டிவி என்றால் மேலே விரிப்பு, விரிப்பின்மேல் மீன். அது இல்லாத வீட்டில் நான் காபி குடிப்பதில்லை. கடைக்காரம்மா கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டபடி வந்து, "எத்தனை அங்குலம் வேணும் ஐயா?" என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும்மா. இதோட மிச்சம் எங்க?"

"மிச்சமா? இவ்வளவுதான் ஐயா டிவி."

"முகத்தை மட்டும் வெச்சிருக்கீங்க. முதுகு எங்க? விரிப்பை எது மேல போடறது?"

விரிப்பைப் போட்டுக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு பின்பக்கம் விழுந்தது. மீனை நெபோய்ஷா பிடித்துவிட்டான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பதினோரு டிவிகளின் ஒலியை முழுதாக ஏற்றிக் காட்டச் சொன்னேன். பத்து குசுகுசுத்தன. பதினோராவதுதான் நேர்மையான மனிதன் போலப் பேசியது. அதற்குள் கடையிலிருந்த மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். விலை கட்டுப்படியாகவில்லை போலும். "போதும்ப்பா, இதையே வாங்கிக்கலாம்" என்று ஸ்னெஷானா கையெடுத்துக் கும்பிட்டாள். ஏன் அத்தனை அவசரம் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

பிறகு வந்தன ஸ்பீக்கர்கள். முன்னால் மூன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு. நல்ல எண்ணம் உள்ளவன் எவனும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் எதையும் வைக்கமாட்டான். இவை தவிர அடுப்பளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி. இடிச்சத்தம் மட்டும் அதிலிருந்து வருமாம். அதைச் சரியாக என் நாற்காலியின் இடது பக்கம் வைத்தான். அதன் அடியில் கையளவு ஓட்டை. படம் ஓட ஆரம்பித்ததும் என் கணுக்காலில் ஜில்லென்று ஏதோ பட்டது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். காற்று. வாசல் கதவிலிருந்து வருவதல்ல, ஜன்னலிலிருந்து வருவதல்ல. பெட்டிக்குள்ளிருந்தே வருகிறது குறுக்குக் காற்று. இடி இடிக்க இடிக்க, புஸ் புஸ்ஸென்று.

குறுக்குக் காற்று என்ன செய்யும் என்று தங்களுக்குத் தெரியும். என் பெரியப்பா மகன் ரயிலில் எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தவர், இறங்கும்போது வாய் கோணியிருந்தது. ஈராண்டுக்கு முன் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று தங்கள் வீட்டில் முன்கதவும் பின்கதவும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்க, நான் நடுவில் மாட்டிக்கொண்டேனே, அன்று தாங்கள் உடனே கைவைத்தியம் செய்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். அதே காற்றைத் தங்கள் மகன் பெட்டியில் அடைத்து என் காலடியில் வைத்திருக்கிறான்.

யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்தேன். இடது காலின் கம்பளிக் காலுறையைக் கழற்றி ஓட்டையில் திணித்தேன். காற்று நின்றது, இடியும் நின்றது. அதன்பின் இரண்டு நாள் நெபோய்ஷா எல்லா வயரையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பழுதுபார்க்கிறவர் வந்தார், பெட்டியைக் கவிழ்த்தார், காலுறையை இரண்டு விரலால் வெளியே இழுத்தார். எல்லோரும் என் கால்களைப் பார்த்தார்கள். வலது காலில் அதன் ஜோடி இருந்தது.

"ஏ மனுஷா, இது என்ன கூத்து?" என்று தெசாங்கா கத்தினாள்.

"ஒரு கால் வேர்த்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் குசுகுசுப்பு அதிகமாயிற்று. நேற்று சமையலறையில் மூவரும் தலையைக் கூட்டிப் பேசினார்கள். நான் கதவோரம் நின்றேன். என் காதில் விழுந்தவை மூன்று துண்டுகள்தான்: 'அப்பா', 'டாக்டர்', 'செவ்வாய் பத்து மணி'. புரிகிறதா சம்பந்தி? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கப்போகிறார்கள். பிறகு வீட்டுப் பத்திரம், பிறகு முதியோர் இல்லம். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது நிலவறை. ஆகவே வரும் சனிக்கிழமை தாங்கள் நேரில் வந்து இந்த வீட்டில் என் இடம் எது என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கவேண்டும். என்னிடமிருந்து வேறு கடிதம் வராவிட்டால் நிலவறைச் சுவரைத் தட்டிப் பாருங்கள். நானும் உள்ளிருந்து தட்டுவேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதர் தங்கள் பிளம் மரங்களையும் பன்றிகளையும் சேர்த்தே காக்கட்டும். நெபோய்ஷாவையும் காக்கட்டும், ஆனால் அவசரமில்லை.

தங்கள் அன்புள்ள,
வுகாஷின்

பி.கு. (செவ்வாய், மாலை): இதைத் தபாலில் போடுவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. அது காது டாக்டர். இடுக்கி மாதிரி ஒன்றை உள்ளே விட்டு, வலது காதிலிருந்து ஓர் உருண்டைப் பஞ்சை இழுத்தார், இடது காதிலிருந்து இன்னொன்றை. முகர்ந்து பார்த்துவிட்டு, "பிளம் பிராந்தியா?" என்று கேட்டார். ஆமாம் சம்பந்தி, ஞானஸ்நானத்தன்று தாங்கள் தங்கள் கையாலேயே பிராந்தியில் நனைத்து வைத்துவிட்ட பஞ்சுதான். ரயிலில் எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஆக, ஈராண்டாக இந்த வீட்டில் யாரும் குசுகுசுக்கவில்லை. கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் வைத்த டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போகிறேன் என்றாராம். அவரோடு எனக்குச் சண்டை வரக்கூடாது என்றுதான் நெபோய்ஷா நிலவறையைக் கட்டியிருக்கிறான். அவன் நல்ல பிள்ளை. மேலே எழுதியதை அவனிடம் காட்டவேண்டாம். சனிக்கிழமை வாருங்கள், சும்மா சாப்பிட்டுப் போக. பெட்டியிலிருந்து காற்று வருவது மட்டும் உண்மை.

இதை எழுதும்போது தெசாங்கா சமையலறையில் புட்டி கழுவுகிறாள். பாடிக்கொண்டிருக்கிறாள். "எப்ப மறுபடி ஆரம்பிச்சே?" என்று போய்க் கேட்டேன். "எப்ப நிறுத்தினேன்?" என்றாள். சமையலறை ஜன்னலும் திறந்திருக்கிறது, நடைக்கதவும் திறந்திருக்கிறது, குறுக்குக் காற்று நேராக என் பிடரியில் அடிக்கிறது. பாட்டு முடியட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.