வெள்ளை வேட்டி கட்டிய ட்ரம் செட்

அம்மா உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் செத்த வீடு கொண்டாடியவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற யாரும் இந்த இரண்டாவது வசனத்தை நம்புவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தம்பி சுதன். அவன் ட்ரம்ஸ் அடிப்பவன். கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் விழா என்று கொழும்பில் எங்கே மேடை போட்டாலும் போய் அடிப்பான். பழகுவது மட்டும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டு முன்னறையில். அம்மா அதற்கு வைத்த பெயர் சட்டி பானை. "சட்டி பானையை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட வா" என்றுதான் பதினைந்து வருடமும் கூப்பிட்டார். நான் அம்மாவைவிட மோசம். "உதை அடிச்சு ஆரடா வீடு கட்டினது? கனடாவுக்குப் போற வழியைப் பார்" என்று ஓயாமல் அவனை அரித்தேன். (அப்போது நான் பெரிய புத்திசாலி. இன்ஷூரன்ஸ் கம்பனியில் வேலை வேறு.)

கடைசியில் போனான். போகிற அன்று ட்ரம்ஸைக் கழற்றி நான்கு அரிசிச் சாக்கில் போட்டு என் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். "அக்கா, இது சட்டி பானை இல்லை. கவனம்" என்றான்.

கொரோனா நேரம் அங்கேயே நெஞ்சுவலி வந்து செத்துப்போனான். முப்பத்திரண்டு வயது. அவனுடைய இறுதிக் கிரியையைப் போனில் இருபது நிமிடம் பார்த்தோம். அதிலும் பாதி நேரம் படம் அசையாமல் நின்றுவிட்டது. இங்கே ஊரடங்கு. வாசலில் வெள்ளைக் கொடி கட்டவில்லை, கதிரை போடவில்லை, ஒருவரும் வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. அம்மாவும் அழவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சோறு வடிக்கவேணும்" என்று குசினிக்குள் போனார். பிறகு மெல்ல மெல்லக் கதைப்பதையும் விட்டுவிட்டார். டிவி போடுவதில்லை. கோயிலுக்குப் போவதில்லை. பல்கனியில் ஒரு கதிரையைப் போட்டுக் கடல் பக்கம் பார்த்தபடி இருப்பார். நான் அனுப்பாமல் விட்டிருந்தால் அவன் இன்றைக்கும் முன்னறையில் அடித்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அம்மா அதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இப்படியே இரண்டு வருடம். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், "வீடு ஒரு சத்தமுமில்லாமல் கிடக்கு" என்றார். அவ்வளவுதான். நான் அதை டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தேவை சத்தம். சத்தம் என் கட்டிலுக்குக் கீழே நான்கு சாக்கில் இருக்கிறது.

சாக்குகளைக் கொட்டினேன். ஐந்து ட்ரம், மூன்று சிம்பல், எதற்கென்றே தெரியாத இரும்புக் கால்கள், ஒரு டப்பா நிறைய ஆணி. துண்டு துண்டாய் வாங்கின அலுமாரியைப் பூட்டிய அனுபவம் எனக்கு இருந்தது. (அந்த அலுமாரிக் கதவு இன்றைக்கும் மூடாது.) மூன்று பின்னேரம் மினக்கெட்டுப் பூட்டி முடித்து, கொட்டாஞ்சேனையில் இருக்கிற அன்ரனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அன்ரன் சுதனோடு கீபோர்ட் வாசித்தவன். போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான்.

"அக்கா, அந்தப் பெரிய ட்ரம்மை ஏன் படுக்கப் போட்டிருக்கிறியள்?"

"மேசை மாதிரி வடிவாய் நிக்குதே."

"அது படுக்கிறேல்லை அக்கா. நிமித்தி வைக்கவேணும். காலாலை அடிக்கிற ட்ரம் அது. நீங்கள் அதின்ரை பெடலைக் கொண்டுபோய் மேலை பூட்டியிருக்கிறியள்."

நான் அதைப் பூச்சாடி வைக்கிற தட்டு என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் அன்ரனே வந்து எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினான். தோலை முறுக்குகிற சின்னச் சாவியைச் சுதன் அவனிடம்தான் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை என் கையில் தந்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு ஒரேயொரு தாளம் சொல்லித் தந்தான். வலது கை எட்டுத் தரம், இடது கை இரண்டு தரம், கால் இரண்டு தரம். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. என் கை போகிற இடத்துக்கெல்லாம் காலும் கூடவே போனது. அதனால் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சத்தமாக எண்ணி அடிப்பேன். நாலுக்கு வருவதற்குள் தாளம் பிழைத்துவிடும். "ஐயோ" என்று தலையில் கைவைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். மூன்று கிழமையாக இதுதான். நான் அடிக்கத் தொடங்கினால் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்.

கீழ்வீட்டு பரமேஸ் அன்ரிக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று அன்ரனிடம் கேட்டேன். பல்கனிப் பக்கம் மெத்தையைச் சாத்தினால் சத்தம் வெளியே போகாது என்றான். சாத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் பழைய மெத்தை அசிங்கமாகத் தெரிந்தது. எங்கள் குடும்ப மானம் என்னாவது? செத்துப்போன அப்பாவின் வெள்ளை வேட்டிகள் அலுமாரியில் எட்டு இருந்தன. எட்டையும் தோய்த்து, பல்கனிக் கம்பி நீளத்துக்கு வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். கீழே இறங்கிப்போய் நின்று பார்த்தேன். துப்புரவாக இருந்தது.

இந்த நாட்டில் வெள்ளைத் துணி வரிசையாகத் தொங்கினால் என்ன அர்த்தம் என்று தமிழ், சிங்களம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் இருக்கிற செக்யூரிட்டி சுனில் வேட்டிகளைக் கண்டிருக்கிறார். நாலைந்து நாளாக அம்மாவைப் பல்கனியில் காணவில்லை. (மெத்தை மறைத்தால் எங்கே காண்பது?) கீழ்வீட்டில் பரமேஸ் அன்ரிக்கு, மெத்தையில் அமுங்கின சத்தத்தில், மேலே யாரோ நெஞ்சில் அடித்து அடித்து "ஐயோ, ஐயோ" என்று கத்துவது கேட்டிருக்கிறது. இருவரும் படியடியில் சந்தித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த குச்சி சிம்பலில் பட்டுத் தெறித்து மூக்கில் அடித்தது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. வேர்வையில் கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. மணி அடித்தது. கதவைத் திறந்தால் பரமேஸ் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்தார்.

"எப்பிடிப் பிள்ளை நடந்தது?"

மூக்கைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "என்ரை பிழைதான் அன்ரி. கொஞ்சம் பலமாய் அடிச்சுப்போட்டன்."

அன்ரி இரண்டு அடி பின்னுக்குப் போனார். அவருக்குப் பின்னால் படி முழுக்க ஆட்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். சுனில் மொட்டைமாடியிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் போட்டார். ஐந்தாம் மாடி மாஸ்டர் என் காதுக்குள், "எத்தினை மணிக்குப் பிள்ளை எடுக்கிறது?" என்று கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அப்போது அறைக்கதவு திறந்தது. அம்மா நைட்டியோடு வந்து நின்றார். யாரோ கையிலிருந்த தேத்தண்ணிப் போத்தலைக் கீழே போட்டார்கள்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார் அம்மா.

அம்மா கதிரைகளைப் பார்த்தார். வெள்ளை வேட்டிகளைப் பார்த்தார். நடுவில் நின்ற ட்ரம்ஸைப் பார்த்தார். ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ரை மகன் செத்தவன்" என்றார். "நீங்கள் ஒருத்தரும் வரேல்லை."

அப்படியே நிலத்தில் இருந்தார். பரமேஸ் அன்ரி ஓடிப்போய் அவரைப் பிடித்தார். இரண்டு வருடமாக வராத அழுகை அன்றைக்கு வந்தது. கூட்டமாக வந்த பெண்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. அம்மாவைச் சுற்றி இருந்து அழுதார்கள். நானும் அழுதேன். "நான்தான் அம்மா அவனைப் போகச் சொன்னனான்" என்றேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மத்தியானம் மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மாஸ்டர்கூட எடுக்கிற நேரத்தைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அம்மா ட்ரம்ஸைக் காட்டி, "அடி பாப்பம்" என்றார். இருபது பேருக்கு முன்னால் அடித்தேன். நாலுக்கு வரமுதல் பிழைத்தது. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவளுக்கு வராது. அவன் நல்லாய் அடிக்கிறவன்" என்று பரமேஸ் அன்ரியிடம் சொன்னார். பதினைந்து வருடத்தில் அவனைப் பற்றி அம்மா சொன்ன முதல் நல்ல சொல் அது. அவன் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிறு காலையில் அடிக்கிறேன். நாலைத் தாண்டி ஏழுவரை வந்திருக்கிறேன். மெத்தை சாத்துவதில்லை, பரமேஸ் அன்ரி வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் வீட்டுப் பல்கனியில் ஒரு வெள்ளைத் துவாய் காய்ந்தாலும் கீழேயிருந்து சுனில் இன்டர்கொமில் கூப்பிட்டு, மரண வீடா, ட்ரம்ஸா என்று சிங்களத்தில் கேட்பார். கட்டடமே சிரிக்கிற பகிடி அது. நான் எடுத்தால் ட்ரம்ஸ் என்பேன். அம்மா எடுத்தால், தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் "தெகம" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இரண்டும்தான் என்று அர்த்தம்.