தொரசாணியின் டீ பாட்

இன்றைக்கு நல்ல பேர் வாங்கியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்புகிறவனிடமிருந்து எல்லோரும் சற்று விலகி நிற்பது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். என் வலது பாதத்தில் அதற்குத் தழும்பே இருக்கிறது.

அப்போது நான் கிழக்கேகோட்டை அக்கிரஹாரத்துப் பையன். கூட வேலை பார்த்த ஷைலாவைத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவள் அப்பா போனக்காட்டு மலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்று, பேரூர்க்கடையில் வீடு கட்டியிருந்தார். (டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுப்பவர் என்று நினைத்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையையே நடத்துகிறவர் என்று முந்தின நாள்தான் ஷைலா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.)

அவர் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "பையன் ஒரு தடவை வரட்டும். ஆளைக் கண்டா எனக்குத் தெரிஞ்சுரும். பிடிச்சா சரி, இல்லேன்னா பின்னே இந்தப் பேச்சே வேண்டாம், கேட்டியா மோளே?"

ஆக, ஒரே ஒரு வாய்ப்பு. ஒரு தப்பும் செய்யக் கூடாது.

எங்கள் வீட்டில் அம்மா அப்போதுதான் ஒருவழியாக இறங்கி வந்திருந்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து புத்தி சொன்னாள்: "டேய், அவா எது கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாதே. முக்கியமா, கால் அலம்பாம உள்ளே போயிடாதே. வளர்த்த லட்சணம் அதுலதான் தெரியும்."

எங்கள் தெருவில் வாசற்படி ஓரம் கெண்டியில் தண்ணீர் இருக்கும். மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம். வெளியிலிருந்து வருகிறவர் அதைச் சாய்த்துக் காலில் விட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மலையாளிகள் வீட்டில் இதையே கிண்டி என்பார்கள். அதனால் எந்த வீட்டுப் படியேறினாலும் என் கண் தானாக மூக்கு வைத்த பாத்திரத்தைத் தேடும்.

பேரூர்க்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்தது மழை. வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் கணுக்கால் வரை செம்மண் சேறு. படியேறினேன். வலப்பக்கம் கைப்பிடிச் சுவரின் மேல், நான் தேடியது இருந்தது.

வெள்ளைப் பீங்கான். குட்டித் தொப்பை. விளிம்பில் தங்கக் கோடு. உடம்பு முழுக்கக் கையால் எழுதிய படம்: வளைந்த ஒரு பாலம், அதன் மேல் குடை பிடித்த சீனப் பெண், அவளைவிடப் பெரிய ஒரு பறவை. கால் கழுவும் கிண்டியையே இவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்களே, பெரிய இடம்தான் என்று மெச்சிக்கொண்டேன். (நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் காபி குடிக்கிறவர்கள். டீக்கென்று இப்படியொரு பாத்திரம் உண்டு என்று யார் கண்டார்கள்?)

அந்த நேரம் பார்த்து ஷைலாவின் அப்பா கதவைத் திறந்தார். பின்னால் ஷைலா.

"வாங்க தம்பி, கேறி வாங்க."

"ஒரு நிமிஷம் சார். கால் அலம்பிண்டு வந்துடறேன்."

செருப்பைக் கழற்றினேன். வலது காலை நீட்டினேன். வளர்த்த லட்சணம் முழுவதும் தெரியும்படி, தாராளமாகச் சாய்த்தேன்.

கொதிக்கக் கொதிக்க டீ.

என் அலறலைக் கேட்டுக் கையில் கோப்பைகளோடு ஓடிவந்த ஷைலாவின் அம்மா, என்னைவிடப் பெரிதாக அலறினார்: "அய்யோ, தொரசாணி பாட்!" சாரலில் வராந்தா மேசை நனைகிறதென்று அவர்தான் அதைச் சுவரின் மேல் வைத்துவிட்டுக் கோப்பை எடுக்கப் போயிருந்தார். என் காலைப் பற்றி அங்கே ஒருவரும் கவலைப்படவில்லை.

மூடி நழுவியது. இடது கையால் அதை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன். வலது கையில் பாட். வழுக்குகிற படியில் ஒற்றைக் காலில் குதித்தேன்.

"போட்டுடாதே!" என்று கத்தினாள் ஷைலா.

"போட மாட்டேன்!" என்று நானும் கத்தினேன். உயிரே போனாலும் அதை விடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

அவள் அப்பா இறங்கி வந்து பாட்டை வாங்கிக்கொண்டார். மூக்கு, பிடி, மூடி, தங்கக் கோடு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் என் பாதத்தைப் பார்த்தார். ஒரு பக்கெட் தண்ணீரில் காலை விட்டு என்னைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எரிச்சலால்தான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

"எஸ்டேட் தொரசாணி சீமைக்குப் போறப்போ எங்க அப்பாவுக்குக் கொடுத்தது இது. நல்ல நாளுக்கு மட்டும்தான் வெளியில எடுப்போம்" என்றார் அவர். "இன்னைக்கு எடுத்தோம். அதிருக்கட்டும், என்னன்னு நினைச்சு எடுத்தீங்க தம்பி?"

"கிண்டின்னு..."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"இந்தப் படம் சீனாவாம். வரைஞ்ச வெள்ளக்காரன் சீனாவைக் கண்டதே கிடையாதாம், தொரசாணியே சொல்லிச் சிரிப்பாளாம். நீங்களும் அவனும் ஒரே ஜாதி. காணாததை என்னா தைரியமாச் செய்யறீங்க!"

அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார்.

"கால் வெந்துபோயும் கையில இருந்ததை விடல, கண்டியா? இவனுக்குத் தாராளமாப் பெண் கொடுக்கலாம்."

கொடுத்தார்கள். என் பிள்ளை எங்கே போனாலும் கால் அலம்பாமல் உள்ளே போக மாட்டான் என்று அம்மா இன்றும் தெருவில் பெருமை பேசுகிறாள். எதால் அலம்பினேன் என்பதை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. பேரூர்க்கடைக்குப் போனால் மாமியார் பாட்டோடு வந்து நின்று, "மருமோனே, காலுக்கா, வாய்க்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார்.

ஷைலாவுக்கும் எனக்கும் சண்டை முற்றி, இனி இந்த வீட்டில் மனுஷன் இருப்பானா என்று நான் எழுந்திருக்கும்போதெல்லாம், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள்.

"போட்டுடாதே."

போட மாட்டேன் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன்.