ஆவிக்கு மீசை எடுத்த கதை

நான் ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்தவன் இல்லை. அமெரிக்காவின் பழைய பெரிய நாவல்களை எல்லாம் படமாகவே பார்த்து முடித்தவன். (இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும்போது தலையணை கனத்துக்குப் புத்தகத்தை எவன் சுமப்பான்?)

அப்படிப்பட்டவன் கண்ணில்தான் அந்தக் குறும்படப் போட்டி பட்டது. ஒரு அமெரிக்க நாவலை நம் ஊர்க் கதையாக்கி எடுக்க வேண்டும். பாழடைந்த மாளிகை, செத்துப்போன வீட்டுக்காரி, பயந்து நடுங்கும் வாரிசு என்று போகும் ஒன்றைப் பிடித்தேன். கேமரா, நண்பன் செல்வின். ஆவூர்க்காரன், ஆங்கில வாத்தியார், நாவலை நிஜமாகவே படித்தவன்.

“நாவல்ல அந்தம்மா கடைசி வரைக்கும் வராதுடா. வருமோ வருமோன்னுதான் பயமே,” என்றான்.

“படத்துல வருதுல்ல? அப்ப நம்ம படத்துலயும் வரணும்,” என்றேன்.

அரிமளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் சாவி, அதைப் பெருக்கி விளக்கேற்றும் வீராயி அக்காவிடம் இருந்தது. சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர் மெய்யப்பனுக்குத் தெரியாமல் அக்கா எங்களுக்காகத் திறந்துவிட்டார். “சுருக்கா முடிச்சுட்டுக் கெளம்பிருங்க தம்பி,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

ஆவியாக நடிக்க ஒப்புக்கொண்ட செல்வினின் சித்தப்பா மகள், திருவரங்குளத்தில் பஸ் ஏறும் முன்பே மனம் மாறிவிட்டாள். வேறு வழியில்லாமல் நான் மீசையை எடுத்தேன். (கண்ணாடியில் பார்த்தபோது ஆவியே தேவலை என்றிருந்தது.)

உள்ளறையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் ஓர் அரக்குக் கலர் கண்டாங்கிச் சேலை, மடிப்புக் கலையாமல், விபூதி வாசத்தோடு. காஸ்ட்யூம் தானாக வந்து மாட்டியது என்று குதூகலமாகச் சுற்றிக்கொண்டேன். முந்தானையால் முகத்தை மூடி, முற்றத்துக்கு அந்தப்பக்கம் இருட்டு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். (முகத்தை மூடத்தான் போகிறோம் என்றால் மீசையை விட்டே வைத்திருக்கலாம்.) மதியம் மூன்று மணிதான். ஆனால் மழை மேகம் கவிந்து, அதுவரை முனகிக்கொண்டிருந்த புறாக்கள் எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிட்டன. தூணோரம் ஸ்டாண்டில் வைத்த போனில் பதிவை ஓடவிட்டான் செல்வின்.

குடத்தோடு உள்ளே வந்த வீராயி அக்கா என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே போட்டார்.

“அடப் பாவி! அது படைப்புச் சேலை! மெய்யப்பண்ணன் அவுகளோட செத்துப்போன ஆத்தாவுக்கு வருசா வருசம் புதுச்சேலை வச்சுக் கும்புட்டு, அடுத்த வருசம் வரைக்கும் பெட்டியில வச்சிருப்பாக!”

நான் எழுவதற்குள் வாசலில் கார் நின்றது. அக்கா வாசலை எட்டிப் பார்த்தார். “அண்ணன் வந்துட்டாக! நான் தொறந்துவிட்டது தெரிஞ்சா எம் பொழப்பே போச்சு,” என்று செல்வினை இழுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றடிக்கு ஓடினார். எனக்குச் சேலையோடு ஓடத் தெரியவில்லை.

மெய்யப்பன் அறுபது வயதுக்காரர். முற்றத்தின் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஆத்தா,” என்றார். “வீட்டைப் பிரிச்சுத் தூணு, கதவெல்லாம் வாங்கிக்கிறதுக்கு ஆள் வந்து கார்ல இருக்காரு. வித்துரவா?”

வாயைத் திறந்தால் என் கட்டைக்குரல் காட்டிக்கொடுத்துவிடும். அவரோ தலை நிமிர்த்தி என் பதிலுக்குக் காத்திருந்தார். ‘ஐயா, நான் அவங்க இல்லை’ என்று சொல்வதாக நினைத்துத் தலையை இடவலமாக ஆட்டினேன்.

“வேணாங்கிறியா?”

இன்னும் பலமாக ஆட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கார் வந்த வழியே திரும்பியது. சேலையை மடித்து வைத்துவிட்டு நாங்களும் ஓடிவந்தோம்.

செத்துப்போன தாயிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேனே என்று குற்ற உணர்ச்சி தின்றது. அக்காவைக் காட்டிக்கொடுக்காமல், பின்சுவர் ஏறிக் குதித்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க மறுவாரம் போனேன். மெய்யப்பன் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். வீராயி அக்கா அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டை விக்கப் பாத்தேன் தம்பி,” என்று அவரே ஆரம்பித்தார். “ஆத்தா வந்து தலையாட்டி வேணாம்னுருச்சு. அதுகூடப் பெருசில்ல. நான் எந்திரிக்கிறப்ப, ‘சாப்புட்டியாப்பா’ன்னு கேட்டுச்சு. அதே குரல்.”

அன்று நான் வாயையே திறக்கவில்லை. கிணற்றடியில் நின்றவர்கள் பேசினால் முற்றத்துக்குக் கேட்காது. வந்த விஷயத்தை விழுங்கிவிட்டுக் காபியைக் குடித்தேன். அன்று ஓடிய பதிவைக் கேட்டதற்கு, அழித்துவிட்டேன் என்றான் செல்வின். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போட்டிக்குப் படம் போகவும் இல்லை.

வீட்டில் ஒருநாள் இதையெல்லாம் சொல்லித் தொலைத்தேன். இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குப் புடவை எடுத்தாலும், கடைக்காரர் முன்னாலேயே முதலில் என் தோளில் போட்டுப் பார்க்கிறார்கள். “ஆத்தா என்ன சொல்லுது?” என்று என் மனைவி கேட்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். எவ்வளவு கண்றாவியான கலராக இருந்தாலும் நான் தலையை மட்டும் அசைப்பதே இல்லை.