பானெட்டில் பச்சை

பானெட்டின் நடுவில் தேங்காய் மூடி அளவுக்குப் பச்சை தெரிந்தது.

சோலைமலை பாலீஷ் மிஷினை அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பச்சைதான். முதலாளி பொன்னழகுவின் அம்பாசடரோ கிரீம் கலர். மூன்று வருஷமாக அதைக் குளிப்பாட்டித் துடைத்து வருகிற டிரைவர் அவன். உள்ளே இப்படி ஒரு பச்சை இருக்கும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

மணி பதினொன்று. நாலு மணிக்கு நெய்க்காரப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பேச வருகிறார்கள். பெண் மாலதியோடு இந்தக் காரும் சீதனமாகப் போவதாக ஏற்பாடு.

"மாப்பிள்ளையோட அப்பா இருக்காரே நாச்சிமுத்து, அவரு மொதல்ல காரைத்தான் பாப்பாரு. பொண்ணை அப்புறமாத்தான் பாப்பாரு" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான், ரெட்டியார்சத்திரத்தில் இருந்த தன் அரிசி மில்லுக்குப் பஸ் ஏறினார் பொன்னழகு. "வேஸ்ட் பஞ்சை வச்சு நல்லாத் தேய்ச்சு வை. மொகம் தெரியணும்."

அம்புட்டு வண்டியையும் பஞ்சை வைத்துத் தேய்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால்தான் சோலைமலை பேகம்பூருக்குச் சைக்கிளை மிதித்தான். அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த முகமது பாரூக்கிடம், அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கரண்ட் பாலீஷ் மிஷின் இருந்தது. எண்பத்தாறில் திண்டுக்கல் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடைத்திருக்காது. கைப்பிடி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். அடியில் ஆட்டு ரோமத்தில் தைத்த குல்லாய்.

"ரெண்டு நாள் வேலையை ஒரு மணி நேரத்துல முடிச்சிரும்" என்றார் பாரூக். "ஆனா ஒண்ணு. இதை நகத்திக்கிட்டே இருக்கணும். ஒரே எடத்துல நிறுத்துனா பெயிண்டைத் தின்னுரும். அழுத்தவும் கூடாது."

"லாரியே ஓட்டுனவன் நானு. இதை ஓட்ட மாட்டேனா பாய்?"

முதல் பத்து நிமிஷம் அவன் சொன்னபடியே நடந்தது. இடது மட்கார்டில் எதிர்வீட்டு முருங்கைமரம் இலை இலையாகத் தெரிந்தது. பிறகு வோல்டேஜ் இறங்கி மிஷின் முனக ஆரம்பித்தது. சோலைமலை அழுத்தினான். பானெட்டில் அவனுடைய மீசை தெரிந்தது. அதை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வோல்டேஜ் குபீரென்று ஏறியது. கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான், மிஷின் ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது.

ஓரங்களை லேசாகத் தேய்த்துவிட்டால் பச்சை மறைந்துவிடும் என்று நினைத்தான். தேய்த்தான். தேங்காய் மூடி சாப்பாட்டுத் தட்டானது.

சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளி வீட்டம்மா சுந்தரம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! என்ன சோலை இது, பாசி பிடிச்ச மாதிரி?"

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. அதுவா வருது."

"அதுவா எப்படிப்பா வரும்? அவரு வந்தா உன்னையும் தொலைச்சுப்புடுவாரு, என்னையும் தொலைச்சுப்புடுவாரு. இரு, போன பொங்கலுக்குச் சன்னலுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் கெடக்கு. அதுவும் கிரீம்தான்."

டப்பாவைத் திறந்தபோது கிரீம்தான். பானெட்டில் அடித்த பிறகு மஞ்சக்காமாலை. அதுகூடப் பரவாயில்லை, காயமாட்டேன் என்றது. இரண்டு மணி வெயிலிலும் தொட்டால் விரலோடு வந்தது.

"அந்த மிஷின்ல காத்து வருதில்ல? செத்த நேரம் பக்கத்துல காட்டேன்" என்றாள் சுந்தரம்மாள்.

காட்டினான். கை அரை அங்குலம் தாழ்ந்துவிட்டது.

ஒரே நொடிதான். சுவரில், வாசலில், சோலைமலையின் மீசையில், நிச்சயத்துக்கென்று சுந்தரம்மாள் கட்டியிருந்த புதுச் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையில், எங்கு பார்த்தாலும் மஞ்சள் பொட்டு. அவள் சேலையை உதறிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

சோலைமலை டிக்கியில் கிடந்த தின்னர் பாட்டிலை எடுத்து, பானெட்டில் ஊற்றித் துடைத்தான். சன்னல் பெயிண்ட் போனது. கூடவே கிரீமும் குழைந்து வந்துவிட்டது. இப்போது பானெட் முழுக்கப் பச்சை.

வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்த சுந்தரம்மாள், செத்த நேரம் யோசித்தாள்.

"ஏம்ப்பா, அடியில பூராவும் பச்சைதானே? மொத்தத்தையும் எடுத்துப்புடு. பச்சைக் காருன்னே சொல்லிக்குவோம்."

அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் மூளை இருப்பதாகச் சோலைமலைக்குத் தோன்றியது. மிஷினைத் தூக்கிக்கொண்டு முன்பக்கக் கதவுக்குப் போனான். இந்த முறை அழுத்தியே பிடித்தான்.

கிரீம் போனது. பச்சை வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. மிஷினின் அதிர்வில் கதவு கடகடவென்று ஆட, சப்பாத்தி அளவில் ஒரு வில்லை பெயர்ந்து சோலைமலையின் காலில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தான். பள்ளத்தை மறைக்க டிங்கர்கள் பூசுகிற பட்டி. அடுத்து ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்று. வலது மட்கார்டு வரைக்கும் பட்டி மொத்தமும் உதிர்ந்து முடிந்தபோது, கதவில் ஒரு குடத்தைச் சாய்த்து வைக்கிற அளவுக்குக் குழி இருந்தது. வண்டியில் இரும்பைவிடப் பட்டிதான் அதிகம்.

"அம்மா, வண்டி கழண்டு விழுகுதும்மா!"

அப்போதுதான் வாசலில் ஹாரன் அடித்தது. வரும் வழியில் மில்லில் பொன்னழகுவையும் ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக் கார் அரை மணி முன்னதாகவே வந்து நின்றது.

சிரித்துக்கொண்டே இறங்கிய பொன்னழகு, தன் காரைப் பார்த்ததும் சிரிப்பை எடுக்க மறந்துவிட்டார். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

"அடப்பாவி! கீறல் விழாத வண்டின்னு மதுரைப் புரோக்கர்கிட்டத் தேடிப் பிடிச்சு வாங்கினேனேடா! என்னலே பண்ணித் தொலைச்ச?"

"மிஷின்… பாலீஷு… மொகம் தெரியணும்னீங்க…" சோலைமலை மிஷினைக் கீழே வைத்தான். வேலை போய்விட்டது. அதுகூடப் போகட்டும். தன்னால் மாலதியின் கல்யாணமும் அல்லவா போகப்போகிறது!

நாச்சிமுத்து மெல்ல வண்டியைச் சுற்றி வந்தார். பச்சையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பின்னால் போய் நம்பர் பிளேட்டின் முன் வெகுநேரம் நின்றார். நெற்றியில் வேர்வை கோத்துக்கொண்டு நின்றது. துண்டால் துடைத்தார், மறுபடி வேர்த்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"சம்பந்தி" என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வண்டியெல்லாம் எதுக்குங்க? எங்களுக்கு உங்க பொண்ணு வந்தாப் போதுமுங்க."

சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பொன்னழகு பாய்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரா! நாங்க குடுத்து வச்சவங்க!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வாங்க, உள்ள போயிரலாம். சீக்கிரம் உள்ள போயிரலாமுங்க."

போன உயிர் திரும்பிய சோலைமலை, காரிலேயே சாய்ந்துகொண்டான்.

மாப்பிள்ளை வீட்டு டிரைவர் ஆறுச்சாமி, காரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்தான். வந்தவன் அம்பாசடரைப் பார்த்துத் திகைத்து நின்றான். பிறகு, உள்ளே நுழையப் போன தன் முதலாளியை உரக்கக் கூப்பிட்டான்.

"ஏனுங்க, சண்முகநதிப் பாலத்துல மோதி நசுங்குனதைப் பட்டியைப் பூசி, கிரீம் அடிச்சு, எவன் தலையிலயாவது கட்டுன்னு மதுரைக்குத் தள்ளிவிட்டீங்களே, நம்ம பழைய பச்சை வண்டி, அது இங்க நிக்குதுங்க!"