அருளானந்தத்தின் புல்தரை

மதுரைக்குப் போய் வந்த நாளிலிருந்து அருளானந்தம் ஒரு நிலையில் இல்லை. பாதி மனுஷர் பாம்பன் தீவில், அக்காள்மடத்து வீட்டில் சோறு தின்றார். மீதி மனுஷர் மதுரையில் ஒரு துரை பங்களாவின் புல்தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியும் பெயர் போகாத பங்களா அது. ஆபீஸ் காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போனவரைக் கால் மணி நேரம் காக்க வைத்தார்கள். செருப்பைக் கழற்றி அந்தப் புல்லில் காலை வைத்தார். குளுமையாக என்னவோ ஒன்று கால் வழியே ஏறித் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது இறங்கவேயில்லை.

அவர் வீடு மணல்மேட்டில் இருந்தது. வாசலும் மணல்தான். அங்கிருந்து நிலம் சரிந்து வேலியோரப் பள்ளத்தில் முடியும். பள்ளத்தில் ஒரு சின்னக் கிணறு.

“வாசல்ல புல்தரை போடப்போறேன்” என்று அறிவித்தார்.

“மணல்லயா?” என்றாள் மனைவி மிக்கேலம்மாள், மீன் ஆய்ந்துகொண்டே.

“சீமை உரம் போடுவேன்ல. சாயங்காலம் ரெண்டு நாற்காலி போட்டு நீயும் நானும் உக்காரலாம். காத்து வரும். கடல் சத்தம் கேக்கும்.”

“நான் உக்காந்துட்டா இந்த மீனை யாரு ஆயுறது?”

கனவில் மீனுக்கு இடம் ஒதுக்கவில்லை. அவர் எழுந்து புல் தேடப் போனார்.

அருகம்புல்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து நட்டார். ராமநாதபுரத்திலிருந்து ரயிலில் உர மூட்டை வந்திறங்கியது. உப்புப் போல வெள்ளையாக இருந்ததை இரண்டு கையாலும் வாரி இறைத்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மிக்கேலம்மாள் வாசலில் நின்று, சரிந்து போகும் ஈரத்தை வேலி வரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டாள். அன்றைக்கே கிணற்றோரம் பூசணி விதையும் அவரை விதையும் ஊன்றினாள். மறுநாளிலிருந்து குடிக்க, சமைக்கக் கோயில் கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கினாள்.

“ஏ மிக்கேலு, நம்ம கிணத்துல தண்ணி இல்லையா?” என்று கேட்டார்.

“இருக்கு. கோயில் கிணத்துத் தண்ணியில பருப்பு நல்லா வேகுது.”

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அருளானந்தம் இன்னும் வளராத தன் புல்லில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணோடு ஆபீசுக்கும் போனார், அதுதான் வினை. பாம்பனில் அவர் கிளார்க்காக இருந்த ஆபீசில், “நேத்துச் சாயங்காலம் புல்லுல உக்காந்திருந்தேன், எந்திரிக்கவே மனசு வரல” என்று ஒருநாள் சொன்னார். பிறகு தினமும் சொன்னார். சொல்லச் சொல்லப் புல் உயர்ந்தது.

வீட்டிலோ, நாலு நாள் தளிர்த்த புல் ஒன்றரை மாசத்துக்குள் மஞ்சளடித்துப் படுத்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது.

“இன்னுங் கொஞ்சம் உரம் போட்டுப் பாருங்களேன்” என்றாள் மிக்கேலம்மாள், தேன் குரலில். “தண்ணியும் நெறையா ஊத்துங்க. வேருக்கு எறங்கணும்ல.”

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவர் செய்த எந்தக் காரியத்தையும் இன்னொரு தடவை செய்யச் சொன்னவள் இல்லை அவள். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கனவு காண்கிறவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? போட்டார். ஊற்றினார். இறங்கியது. கிணற்றில் பாசி அப்பியது. மேட்டில் புல் மஞ்சள், பள்ளத்தில் தண்ணீர் பச்சை. நிறத்தை மட்டும் யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டதாக அவர் பெருமூச்சு விட்டார். மிக்கேலம்மாள் அந்தப் பச்சைத் தண்ணீரை இறைத்து இறைத்துக் கொடிகளுக்கு ஊற்றினாள்.

மூன்றாம் மாசம் மேனேஜர் ராமசுப்பிரமணியன் சொன்னார்: “அருளானந்தம், ஞாயித்துக்கிழமை வாரேன். உங்க புல்லுல உக்காந்து ஒரு டீ குடிச்சாத்தான் என் மனசு ஆறும்.”

இருபது வருஷமாக அந்த ஆபீசில் அருளானந்தம் சொன்னால் சொன்னதுதான். பொய்யர் என்ற பெயரோடு திங்கட்கிழமை எப்படி நாற்காலியில் உட்காருவது? இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மேனேஜர் வந்தார். மணலில் கால் புதைந்த இரண்டு நாற்காலிகளையும், அங்கங்கே ஒட்டியிருந்த மஞ்சள் நரம்புகளையும் பார்த்தார். கடலாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

“இந்த மண்ணு எதையும் பிடிச்சு வைக்காதே அருளானந்தம். நீங்க போட்ட உரம் பூராம் தண்ணியோட எறங்கி ஓடியிருக்கும். எங்கிட்டுப் போச்சு?” என்றபடி சரிவில் நடந்தார். வேலியோரம் போய் நின்றார். குடம் குடமாய்ப் பூசணிக்காய். வேலியை மறைத்த அவரை.

“யாரும்மா இங்கன விதை போடச் சொன்னது?”

“யாரு சொல்லணும்யா? இவுக மேட்டுல ஊத்துனது எங்கன போய் நிக்குதுன்னு பாத்தேன். அங்கனயே ஊனிட்டேன்.”

அருளானந்தத்துக்குக் கண் திறந்தது. “அப்ப, இன்னுங் கொஞ்சம் உரம் போடுங்கன்னியே?”

“அது பூசணி பிஞ்சு விட்ட நேரம்” என்றாள், ஒளிக்காமல்.

இனி ஒரு பிடி உரம் இந்த மண்ணில் விழாது, புல்லும் வேண்டாம் பூண்டும் வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர், “ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற கண்மாய்க் கரம்பை மண்ணை அடிச்சு, உரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாப் போட்டா இங்கயும் புல்லு வரும்” என்றார்.

“கரம்பை இந்தத் தீவுக்கு என்னைக்கு வர?” என்றாள் மிக்கேலம்மாள். “அதுவரைக்கும் உரந்தான்யா. இவுக சொன்ன சொல்லை விடமாட்டாக. அடுத்த மாசம் நீங்க கட்டாயம் வந்து உக்காரணும்.” பெரிய பூசணிக்காய் ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

“ஆபீசையே கூட்டிட்டு வாரேன்” என்று மேனேஜர் காயை அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆபீசே வருகிறது. வேறு வழி? விளக்கு வைத்ததும் அருளானந்தம் ராமநாதபுரத்து உரக்கடைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வேலியோரம் மிக்கேலம்மாள் குழி தோண்டும் சத்தம் கேட்டது.

“ரெண்டு மூட்டையா எழுதுங்க” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “வாழைக்கு ஒண்ணு பத்தாது.”