மாமாவோட பருந்து கால்ல மீன்

மாமனாரு விமானப்படையில இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பழைய யூனிட்டுக்காரங்க பத்துப் பேரு குடும்பத்தோட குத்தாலத்துல கூடுதாங்க. பத்து தொப்பியில யூனிட் சின்னத்த எம்ப்ராய்டரி போட்டு வாங்கணும். அதான் என் வேலை.

சின்னத்துல ஒரு பருந்து. உசரத்துல இருந்து பாக்குற கண்ணுக்கு அது அடையாளம். கால்ல ஸ்பானர், ஏன்னா இவங்க எல்லாரும் மெக்கானிக்கு. வலது பக்கம் திரும்பி இருந்தா எதிரியப் பாத்துப் போகுதுன்னு அர்த்தம். இவ்வளவும் எனக்கு இப்பத்தான் தெரியும். பன்னெண்டு வருஷமா மாமா சொல்லும்போதெல்லாம் நல்லாத் தலையாட்டினேன்.

பழைய தொப்பியக் குடுத்து, கடையில நேர்ல காட்டச் சொன்னாரு. வெயில்ல எவன் போறது? தலையில மாட்டி ஒரு செல்ஃபி எடுத்து, தென்காசியில ஸ்கூல் பேட்ஜ் போடுத கடைக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டேன். நானும் அழகாத்தான் இருந்தேன்.

கடைக்காரரு போன் பண்ணினாரு. நூலு பிரிஞ்சு கிடக்காம், கால்ல என்ன இருக்குன்னு தெரியலையாம்.

"பருந்து கால்ல வேற என்ன அண்ணாச்சி இருக்கும்? மீனுதான்"னேன்.

ஆபீஸ்ல கூட நான் இவ்வளவு உறுதியாப் பேசினதில்ல.

ஐந்தருவி பக்கம் ஒரு காட்டேஜ்ல கூட்டம். மாமா எந்திச்சு, சின்னத்தோட பெருமைய அரை மணி நேரம் பேசி, எல்லாருக்கும் தொப்பி குடுத்தாரு. அப்புறந்தான் கண்ணாடியப் போட்டாரு.

"மாப்ள, ஸ்பானர் எங்க?"

மீனக் காட்டினேன்.

"பருந்து ஏன் இடது பக்கம் பாக்கு?"

செல்ஃபியில இடம் வலமா மாறும்னு அந்த நிமிஷந்தான் எனக்கு உறைச்சுது.

"மீனத் திருடிக்கிட்டு சண்டையில இருந்து ஓடுத மாதிரில்லா இருக்கு"ன்னாரு மாமா. குரலே உசரல. அதான் பயமா இருந்துது.

கொல்லத்துல இருந்து வந்திருந்த நண்பர் ஒருத்தரு நிலைமையச் சரி பண்ணுதேன்னு வாயத் தொறந்தாரு. சின்னம் ரொம்பச் சரியாத்தான் இருக்காம். கடலோர முகாம்ல அதிகாரிங்க சமையக்கட்டுல இருந்து வறுத்த மீனத் தூக்கிட்டு ஓடினது மாமாதானாம். ஒரு தடவ இல்ல, வாராவாரம்.

எல்லாரும் சிரிச்சாங்க, அத்தையத் தவிர. அவங்க வீட்டுல முட்டை கூட வாசல் தாண்டாது. மாமாவும் பொறந்ததுல இருந்தே சைவம்னுதான் நாப்பது வருஷமா நம்பிக்கிட்டு இருக்காங்க.

திரும்பி வரும்போது வண்டியிலயே அத்தை வேலையப் பிரிச்சுட்டாங்க.

அடுத்த வருஷம் தொப்பிப் பொறுப்பு அத்தைகிட்ட. சீசன் கூட்டத்துல கார் நிறுத்த இடம் பிடிக்கிற பொறுப்பு எனக்கும் மாமாவுக்கும்.